மூன்றடிக்கு இரண்டடி

தெமட்டகொடையில், ரயில் பாதைக்கு முதுகு காட்டி நிற்கிற
எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில்
களஞ்சிய அறையைக் காலி செய்தோம்.
இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அகலம்.
உள்ளே ஏழு உடைந்த தையல் மெஷின்,
ஏதோ ஒரு தேர்தலுக்கு வந்து
திரும்பிப் போக மறந்த வாக்குப்பெட்டி.

‘தொழில்முனைவோர் கூடம்’ என்றது கடிதம்.
காசு தந்தவர்கள் அனுப்பிய படத்தில்
பஞ்சு மூட்டை போன்ற ஆசனங்கள்,
கண்ணாடிச் சுவர், தொட்டிச் செடி,
சிரித்தபடி யாரோ நாலு பேர்.
‘இவங்க எந்தக் கோர்ஸ் மிஸ்?’
குளிரூட்டிப் பிரிவு இம்தாத் கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.
நான் வரைபடம் கற்பிப்பவள். கோடு தெரியும்.

படத்தைச் சுருட்டி அலுமாரி மேல் போட்டுவிட்டு
தரையிலேயே வரைந்தோம், முழு அளவில்.
மாஸ்கிங் டேப், சோக்கட்டி,
சுவருக்குப் பதில் பிஸ்கட் பெட்டிகள்.
மேசையாக நாலு பேர் கைகோர்த்து நின்றார்கள்.
யாராவது இடித்துக்கொண்டு போனால்
வழி போதாது, மேசை நகரும்.

பேக்கரிப் பிரிவு யசோதினி மிஸ்
தண்ணீர்த் தொட்டி கேட்டார்.
வெல்டிங் லயனல் சேர் தன் தமிழில்
‘பூட்டு வேணும். ரெண்டு’ என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.
தையல் பிள்ளைகளுக்கு ஆளுயரக் கண்ணாடி, ஒரு திரை.
இம்தாத்துக்கு ஒரேயொரு கதிரை:
‘காத்து நிக்கிற ஆள் இருக்க வேணும் மிஸ்.
இல்லாட்டிப் போயிடும்.’
மாவும் இரும்புத் தூளும் ஒரே கூரைக்குள் எப்படி என்று
இரண்டு நாள் சண்டை.
மேசைகள் கைவிட்டு, தேநீர் குடிக்கப் போயின.

லோஷனி பேசவில்லை.
சுவரென்று நாங்கள் நம்பிய பெட்டி ஒன்றின் மேல்
மூன்று நாளும் உட்கார்ந்திருந்தாள்.
மாடிப்படிக்குக் கீழே போன் திருத்துகிறவள் அவள்.
அங்கேதான் ஒரு ப்ளக் இருக்கிறது.
மார்ச் மாதப் பதிவேட்டில்
‘கட்டிட மின்சாரத்தைச் சொந்தத் தேவைக்குப் பாவித்தமை’
என்றொரு வரி உண்டு, அவள் பெயருக்கு நேரே.
கையொப்பம் என்னுடையது.

நாலாம் நாள் எழுந்தாள்.
தெருப் பக்கச் சுவரில்
பெருவிரலால் டேப்பைக் கிளப்பினாள்.
‘இங்க வாசல் இல்லாட்டி
இதுவும் இன்னொரு வகுப்புத்தான் மிஸ்.
கேட்டுல ஐடி காட் குடுத்து, புத்தகத்துல பேர் எழுதி
ஆரு மிஸ் டிஸ்ப்ளே மாத்த வருவான்?’

வாசல் கூடாது என்றார் அதிபர்.
சுற்றறிக்கை எடுத்துக் காட்டினார்.
யன்னல் பற்றி அதில் ஒன்றுமில்லை.
இரண்டு தடவை வாசித்தோம், ஒன்றுமில்லை.
மூன்றடிக்கு இரண்டடி, போங்கள் என்றார்.

நான் வழக்கமான உயரத்தில் கோடு போட்டேன்.
லோஷனி தெருவுக்குப் போய்
நின்றிருந்த த்ரீவீல் ஒன்றின் சீட்டில் ஏறி
கையை வெளியே நீட்டி,
‘கீழ மிஸ், இன்னும் கீழ’ என்று கத்தினாள்.
சாரதி இறங்காமலே தர வேண்டுமாம்.
ஐந்து அங்குலம் இறக்கினேன்.
இருபது வருடமாக யன்னல் வரைகிறேன்,
ஒன்றுக்காவது வெளியே போய் நின்றதில்லை.

சுவர் உடைந்தது ஒரு வியாழக்கிழமை.
சட்டம் வரவில்லை. திறப்பு விழா அடுத்த மாதம்,
ரிபன் கூட வாங்கியாயிற்று.
தூசி அடங்கவில்லை, அதற்குள்ளே
ஒரு கை வந்தது, கையில் போன்.
‘சார்ஜ் ஏறுதில்ல தங்கச்சி. பாப்பீங்களா?’

லோஷனி என்னைப் பார்த்தாள்.
அதிபரின் அறைக் கதவு மூடியிருந்தது.
மேசன் கொண்டுவந்த நீள வயர்
என் காலடியில் கிடந்தது.
குனிந்து
நான்தான் ப்ளக்கைப் போட்டேன்.

இம்தாத் கதிரையைத் தூக்கிக்கொண்டு
தெருவைச் சுற்றி ஓடினான்.
தேவைப்படவில்லை.
ஆள் த்ரீவீலிலேயே இருந்தார்,
விலை கேட்டுக்கொண்டு.